ஆறு குதிரைகளும் ஒரு கயிறும்

வேலையில் இருந்த காலத்தில் எனக்கு வந்த ஒரே பாராட்டுக் கடிதத்தை நான் யாரிடமும் காட்டியதில்லை. மெட்ராஸில் குதிரைக் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு பேராசிரியர் எழுதியது. நான் அனுப்பியவற்றில், குட்டி போட்டிருந்த ஒரு பெட்டைக் குதிரையின் இரத்தம்தான் ஆராய்ச்சிக்கு மிகவும் பயன்பட்டது என்று அதில் இருந்தது. படித்ததும் மடித்துப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. திருவண்ணாமலையில் நான் புதிதாக வந்திருந்த கால்நடை டாக்டர். ஊரில் எங்கள் இடத்துக்கு மாட்டாஸ்பத்திரி என்றுதான் பெயர். என் தைரியமும் மாட்டோடு சரி. குதிரை என்றால் எனக்குப் பயம். எந்தப் பக்கம் உதைக்கும், எந்தப் பக்கம் கடிக்கும் என்று யோசித்துக்கொண்டே கிட்டே போவேன். ஜட்கா வண்டிக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள்கூட ஆகவில்லை. "பயப்படாதீங்க டாக்டரம்மா, அதுவும் உங்களப் பாத்துதான் நடுங்குது" என்று கேலி செய்வார்கள்.

அந்த வருஷம் வடக்கே குதிரைகளுக்கு ஒரு காய்ச்சல் பரவியது. இருமல், மூக்கில் கெட்டிச் சளி. பெரிய குதிரைகளை ஓய்வாக விட்டால் தேறிவிடும், குட்டிகள்தான் தாங்காது என்றார்கள். ஒரு வாரத்தில் எங்கள் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் சவாரிக்கு நின்ற ஐந்து ஜட்காக் குதிரைகளும் இருமத் தொடங்கின. பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. இப்போது ஒரு தடவை, மூன்று வாரம் கழித்து ஒரு தடவை, ஒவ்வொரு குதிரையின் இரத்தமும் வேண்டும். கிருமியோடு சண்டை போட்ட உடம்பின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வந்தது எந்தக் கிருமி, வெளிநாட்டுத் தடுப்பூசி இதற்குக் கேட்குமா என்று சொல்லிவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத குதிரை ஒன்றும் வேண்டும் என்று கடைசியில் எழுதியிருந்தார்.

நோயில்லாத குதிரை ஊரில் ஒன்றுதான் இருந்தது. ஸ்டேஷன் வாசல் ஜட்கா ஸ்டாண்டில் மூத்தவரான பாயின் பெட்டை. குட்டி போட்டிருந்ததால் அதை அவர் வண்டியில் பூட்டாமல் வீட்டுக் கொட்டகையிலேயே வைத்திருந்தார்.

"இருவது நாள் குட்டிம்மா. வூட்டாண்ட வந்து எடுத்துக்கினா ஆவாதா?" என்று கேட்டார்.

ஆகும். அதுதான் முறையும்கூட. ஆனால் அந்தக் குறுகலான கொட்டகையில், குட்டியைக் காக்கிற தாய்க் குதிரைக்கும் சுவருக்கும் நடுவில் நான் நிற்பதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. ஸ்டேஷன் வாசலில் பிடித்துக்கொள்ள நாலு பேர் இருப்பார்கள். "அஞ்சு நிமிஷ வேலை பாய், ஸ்டாண்டுக்கே கொண்டாந்துடுங்க" என்றேன். கூட்டிவந்தார். குட்டியும் தாயை ஒட்டிக்கொண்டு வந்தது.

குதிரை அசையாமல் நிற்க, அதன் மேலுதட்டில் ஒரு கயிற்று வளையத்தை மாட்டிக் கட்டையால் முறுக்கிப் பிடிப்போம். பிறகு கழுத்து நரம்பில் ஊசி. குதிரைக்கு ஓர் ஊசியாக எல்லாவற்றையும் கொதிக்கவைத்துக் கொண்டுபோயிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஐந்து குதிரைகளையும் முடித்துவிட்டுக் கடைசியாகப் பெட்டைக்கு வந்தேன். அதே கயிறு. என் கண்ணெல்லாம் அதன் பின்னங்கால்மேல்தான் இருந்தது. குழாய் நிறைந்ததும், உதை வாங்காமல் தப்பித்தேன் என்று சிரித்தேன்.

மூன்றாம் நாள் பாய் ஆஸ்பத்திரிக்கு வந்து, "பெட்டை இருமுதும்மா" என்றார்.

அவரை முன்னால் அனுப்பிவிட்டு மருந்துப் பையைத் திறந்தேன். அடியில் அந்தக் கயிறு கிடந்தது. ஐந்து குதிரைகளின் மூக்குச் சளி காய்ந்து, குச்சியாய் விறைத்துப்போயிருந்தது. அதைத்தான் கடைசியில் பெட்டையின் உதட்டிலும் மாட்டியிருந்தேன். எதிர்ப்புச் சக்தியைப் பற்றி அவ்வளவு படித்தவள் நான். தாய்க்கு முன்பே இந்த நோய் வந்து போயிருந்தால் சீம்பாலிலேயே குட்டிக்குக் கொஞ்சம் பாதுகாப்பு போயிருக்கும். இந்தத் தாயிடம் கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது. கயிற்றை அடுப்பில் போட்டு எரித்தேன்.

ஐந்தாம் நாள் குட்டியும் இருமியது. தினமும் காலையில் அதே கொட்டகைக்குப் போய்ப் பென்சிலின் போட்டேன். கிருமிக்கு மருந்து கிடையாது, நெஞ்சில் சளி கட்டாமல் பார்க்கலாம், அவ்வளவுதான். குதிரைப் பயம் போன இடம் தெரியவில்லை. தாயின் காலடியிலேயே உட்கார்ந்து குட்டியின் மூச்சை எண்ணுவேன். பாயின் முகத்தைப் பார்க்கத்தான் பயம். அவர் மனைவி, "ஸ்டேஷனாண்ட எவன் கண்ணு பட்டுச்சோ" என்று குட்டியின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார். ஆமாம் என்று தலையாட்டினேன். வெட்கக்கேடு, அப்போது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பத்தாம் நாள் காலையில் நான் போனபோது குட்டி செத்திருந்தது. பெட்டை அதை மூக்கால் தள்ளித் தள்ளி எழுப்பப் பார்த்தது. "நீங்க ஜாஸ்தி கஷ்டப்பட்டீங்கம்மா" என்றார் பாயின் மனைவி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிவரை நடந்தேன்.

இரண்டாம் தடவை இரத்தம் எடுக்கும் நாள் நெருங்க நெருங்க எனக்கு அதே நினைப்புதான். பெட்டையைத் தர மாட்டேன் என்பார் பாய், குட்டி ஏன் செத்தது என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். மாற்றல் கேட்டு ஒரு விண்ணப்பம்கூட எழுதிக் கிழித்தேன்.

அன்று ஸ்டாண்டில் ஆறு குதிரைகளும் நின்றன. பெட்டையை மட்டும் சற்றுத் தள்ளி, புளியமரத்தடியில் தனியாகக் கட்டியிருந்தார் பாய். நான் பையைத் திறப்பதற்குள், இடுப்பில் செருகியிருந்த ஒரு கத்தையை எடுத்து நீட்டினார். புதுக் கயிறுகள். ஆறு.

"ஒரு குதிரைக்கு ஒண்ணுனு வாங்கியாந்தேன்" என்றார்.

"எப்போ தெரிஞ்சுது பாய்?"

"அன்னிக்கே பாத்தேம்மா. கயிறு சொதசொதனு ஈரமா இருந்துச்சு. சொல்லலாம்னு வாயெடுத்தேன். ஊசியெல்லாம் கொதிக்கவெச்சி எடுத்தாறவங்க, இவ்ளோ படிச்சவங்க, அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு வுட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

"இல்ல பாய், என்னுது" என்றேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும். அவர் பெட்டையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "எடுங்கம்மா, நிக்கும்" என்றார். நோய் வருவதற்கு முன்னும் வந்த பின்னும் எடுத்த இரத்தம் ஆறில் அந்த ஒரு குதிரையிடமிருந்துதான் கிடைத்தது; அந்தக் குழாயைத்தான் பேராசிரியர் பாராட்டினார்.