நாற்பது மீட்டர் ட்ராட்

ஓடுவதற்குச் சம்பளம் வாங்குகிற மனிதர் என்றதும் ஒடிசலான தேகம், உள்ளே போன வயிறு என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓட்டக்காரருக்கு ஐம்பத்து நாலு வயது, வயதுக்கேற்ற தொப்பை. அவர் ஓடுவது தனக்காக அல்ல, பக்கத்தில் ஓடும் குதிரைக்காக. வாரம் ஒரு நாள் சவாரிப் பள்ளிக்குக் குதிரை டாக்டர் வருவார்; ஒவ்வொரு குதிரைக்கும் நாலு மாதத்துக்கு ஒருமுறை முறை வரும். லாயத்தின் வெள்ளை மதிலை ஒட்டி நீளமான சிமென்ட் பாதை இருக்கிறது. குதிரையின் இடப்பக்கம் நின்று, வலக்கையில் கயிற்றைப் பிடித்து, நாற்பது மீட்டர் ஓடித் திரும்ப வேண்டும். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்ப்பார்.

ஏன் ஓட்டம் என்றால், நடக்கும்போது குதிரைக்கு நாலு காலும் தனித்தனியாக, நாலு தட்டாக விழும். வலியை மறைக்க இடம் ஏராளம். கேன்டர் என்கிற அரைப் பாய்ச்சலில் மூன்று தட்டு. நாலுகால் பாய்ச்சலில் மறுபடியும் நாலு, அதோடு எந்தக் காலும் தரையில் இல்லாத ஒரு நொடி. அதற்குக் கூடவே ஓட மனிதனைக் கடவுள் படைக்கவில்லை. ட்ராட் என்கிற சீரான ஓட்டநடை ஒன்றுதான் யோக்கியமானது. வலது முன்காலும் இடது பின்காலும் சேர்ந்து ஒரு தட்டு, மற்ற இரண்டும் சேர்ந்து ஒரு தட்டு. தலை ஆடவே ஆடாது. முன்கால் ஒன்றில் வலி இருந்தால் மட்டும், நல்ல கால் விழும்போது தலை இறங்கும். அதோடு குட்டு வெளிப்பட்டுவிடும்.

இருபத்தாறு வருஷம் இதையே பார்த்ததில் ஓட்டக்காரருக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும், கால் மறக்காது. மாடியில் உட்கார்ந்தபடியே மனைவியிடம், "உன் தம்பி வர்றான், கேன்டர்ல வர்றான், ஏதோ வம்பு" என்பார். அப்படியே இருக்கும். அவளிடம் தனக்கு முதலில் பிடித்தது அந்தச் சீரான நடைதான் என்று ஒருமுறை வாயைக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் பேச ஆளில்லாமல் கிடந்தார்.

பள்ளியில் சாம்பல் என்றொரு பெட்டைக் குதிரை. பதினாறு வயது. மற்ற குதிரைகள் அவரை இழுத்துக்கொண்டு ஓடும். சாம்பல் மட்டும் தோளோடு தோளாக, அவர் வைக்கும் எட்டுக்குத் தன் எட்டைச் சரிசெய்துகொண்டு ஓடும். அவருக்கு அதன்மேல் உயிர். வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அதனிடம் சொல்வார். அது வைக்கோலை மென்றுகொண்டே கேட்கும், குறுக்கே பேசாது.

அந்தச் சாம்பலின் தலைதான் ஆடத் தொடங்கியது. டாக்டர் நோட்டில், 'இடது முன்கால். பார்க்கலாம்' என்று எழுதினார். நாலு மாதம் கழித்து மறுபடியும் அதே கால், அதே 'பார்க்கலாம்'.

"ரெண்டு பாக்கலாம்தான்," என்றார் வாத்தியார். சவாரி சொல்லித்தருபவர் அவர், பள்ளியும் அவருடையது. "மூணாவது தடவ ஆடுச்சுன்னா வண்டி வந்துரும். நொண்டிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

வண்டி எங்கே போகும் என்று லாயத்தில் யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும், ஏறிய குதிரை எதுவும் திரும்பி வந்ததில்லை.

ஓட்டக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் அந்தக் காலைத் தண்ணீரில் நனைத்தார், நீவிவிட்டார், குளம்பைத் தட்டித் தட்டிப் பார்த்தார். லாடம் அடிப்பவரை இரண்டு முறை கூப்பிட்டுக் கழற்றி மாட்டச் சொன்னார். "என் வேலையில ஒரு குத்தமும் இல்லண்ணே, சும்மா என்னையே சந்தேகப்படாதீங்க," என்று அவர் முறைத்துக்கொண்டு போனார். வினோதம் என்னவென்றால், மைதானத்தில் ஆளை ஏற்றிக்கொண்டு ஓடும்போது சாம்பலின் தலை கல்லுப்பிள்ளையார் போல அசையாமல் இருந்தது. டாக்டர் முன்னால் மட்டும்தான் ஆடியது.

வீட்டில் இன்னொரு தொந்தரவு. "என்னங்க, படியேறும்போது சத்தம் ஒரு மாதிரி வருது? ஒண்ணு லேசா, ஒண்ணு தொம்முன்னு?" என்று மனைவி கேட்டாள்.

"செருப்பு தேஞ்சிருக்கு."

"போன வாரந்தான வாங்குனீங்க?"

அவர் அவசரமாகக் குளிக்கப் போனார்.

மூன்றாவது சோதனை நாள். எப்போதும் உச்சி வெயிலில் வரும் டாக்டர், வேறெங்கோ தலைபோகிற வேலை என்று அன்று காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். ஓட்டக்காரர் சாம்பலின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, "மானத்தக் காப்பாத்து தாயி," என்று சொல்லி ஓடத் தொடங்கினார். சாய்ந்த வெயிலில் மதிலின்மேல் இரண்டு நிழல்கள் கூட ஓடின. இருபத்தாறு வருஷத்தில் ஓடும்போது அவர் பக்கவாட்டில் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்.

அவர் தலைதான் முதலில் இறங்கியது. வலது காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு இறங்கியது, உடம்போடு கை இறங்கியது, கையோடு கயிறு, கயிற்றோடு சாம்பலின் தலை. நொண்டுவது யார் என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் மிஞ்சவில்லை. அவர் தொழிலே அதுதானே. இடது முழங்கால், குறைந்தது ஒரு வருஷப் பழசு.

டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார். வாத்தியார் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

ஓடாத ஓட்டக்காரரை எந்தப் பள்ளி வைத்துக்கொள்ளும்? ஓட்டக்காரர் அதை யோசித்தார். யோசித்தபடியே ஸ்டூலுக்கு முன்னால் போய் நின்றார்.

"டாக்டர், குதிரைக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். கீழே கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "கயித்த அவர்ட்ட குடுங்க. நீங்க மட்டும் ஓடிக் காட்டுங்க."

வாத்தியார் கயிற்றை வாங்கிக்கொண்டார். ஓட்டக்காரர் தனியாக ஓடினார். பத்து மீட்டர் போவதற்குள் பின்னால் "ஏய், ஏய்" என்று வாத்தியாரின் குரல், சிமென்டில் டக் டக் என்று இரண்டு தட்டு. சாம்பல் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து, வழக்கமான இடத்தில், தோளோடு தோளாகச் சேர்ந்துகொண்டது. கயிறு சும்மா தொங்கியது. மதிலில் ஒரு தலை ஏறி இறங்கியது. இன்னொரு தலை கோடு போட்டதுபோல நேராகப் போனது. ஓட்டக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிக்கொண்டே அழுதார், அதில் நடை இன்னும் கெட்டது. அதற்கேற்ப சாம்பலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

திரும்பி வந்ததும் டாக்டர், 'சாம்பல், சரி' என்று எழுதினார். அடுத்த வரியில் பேனாவை வைத்து, "வயசு?" என்றார்.

"அம்பத்தி நாலு."

வாத்தியார் எட்டிப் பார்த்து, என்ன எழுதுகிறார் என்று படித்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அன்று ஓட்டக்காரர் மறைக்காமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். மனைவி கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

"சாம்பல வெச்சுக்கிட்டாங்களா?"

"ம்."

"உங்கள?"

"இடது முழங்கால், பாக்கலாம்னு எழுதியிருக்காரு," என்றார் ஓட்டக்காரர். "இன்னும் ஒரு பாக்கலாம் மிச்சமிருக்கு."