அண்டாவோடு நின்ற சாயங்காலம்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெடிமருந்துக்கு நான் பயந்ததில்லை. பயந்தது அங்கே லாரியில் சரக்கு ஏற்றும் ஒரு லோடுமேனுக்குத்தான். அவன் மனைவி என் வேனில்தான் வேலைக்கு வருவாள். சில காலைகளில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஏறுவாள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். நான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிக்கொள்வேன்.

வீட்டில் அடிபடும் பெண்களுக்கான சட்டம் அப்போது புதிது. அவள் சத்தமில்லாமல் விருதுநகர் போய், அதற்கென்று இருந்த பெண் அதிகாரியைப் பார்த்து வழக்குப் போட்டிருந்தாள். உத்தரவு வரும் நாளன்று காலையில் என்னிடம் சொன்னாள்: "அண்ணே, சாயங்காலம் வேனோட எங்க வீட்டுக்கு வந்துருங்க. கோர்ட்டுல இருந்து நேரா அங்கனதான் வருவோம்."

அடிபட்டவள் தாய் வீட்டுக்குப் போவாள், சாமான் வேனில் போகும். நான் பார்த்த உலகத்தில் வேறு வழி கிடையாது. இடம் வேண்டுமே என்று மற்றப் பெண்களை அவரவர் தெருவில் இறக்கிவிட்டு, முன்கூட்டியே போய்ச் சேர்ந்தேன். கதவில் பூட்டு இல்லை, வெறும் கொண்டிதான். அவன் வருவதற்குள் கிளம்ப வேண்டுமே! குடம், மிக்சி, கட்டிலுக்கடியில் கிடந்த டிரங்குப் பெட்டி என்று கையில் பட்டதை எல்லாம் ஏற்றினேன். தெருவில் போன ஒவ்வொரு பைக்கும் அவன் பைக்காகவே கேட்டது. ஒரு பைக்குக்குப் பயந்து, தூக்கி வந்த அண்டாவுக்குப் பின்னால் பதுங்கினேன்.

"என்ன அண்ணாச்சி, எதையும் தேடுறீகளா?" என்று பைக்கை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனார் பால்காரர்.

ஆட்டோவில் அவளும் அதிகாரியும் ஒரு காவலரும் வந்து இறங்கினார்கள்.

"என்னண்ணே செய்றீக?"

"சாமானத்தாம்மா ஏத்துறேன். சட்டுன்னு ஏறு, ஓடிருவோம்."

"நான் எதுக்குண்ணே ஓடணும்? நான் இங்கனயே இருக்கலாம்னு கோர்ட்டு சொல்லிருச்சு. அவருதான் வெளிய இருக்கணும். அவர்ட்ட சொல்லயில நம்ம வேன் பொம்பளைக கூட நிக்கட்டும்னு உங்கள வரச் சொன்னேன். அவுக எங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பைக் சத்தம். இந்த முறை பால்காரர் இல்லை, அவனேதான்.

அதிகாரி உத்தரவைப் படித்தார். அவன் அவரைப் பார்க்கவில்லை, காவலரையும் பார்க்கவில்லை. அண்டாவோடு நின்ற என்னையே பார்த்தான். அவள் வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

"அந்தப் பெட்டி அவரு துணிமணிண்ணே. அது வேன்லயே இருக்கட்டும். மத்தத இறக்குங்க."

அவனை அவன் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடும் வேலை என் தலையில் விழுந்தது. காவலர் பின்னால் ஏறிக்கொண்டார். அவன் என் பக்கத்தில்.

"அண்ணாச்சி, உங்கள யாரு வரச் சொன்னா?"

"கம்பெனி ஆர்டரு" என்றேன். எந்தக் கம்பெனி இப்படி ஆர்டர் போடும் என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஓடுகிற வேனிலிருந்து குதித்திருப்பேன்.

மறுநாள் காலை, வேனில் இருந்த அத்தனை பெண்களும் அவள் வீட்டையே பார்த்தார்கள். கதவு சாத்தியிருந்தது. ராத்திரி அவன் திரும்பி வந்திருப்பானோ? ஹாரன் அடித்தேன். கதவு திறக்கவில்லை. இறங்கிப் போய்த் தட்டக் கால் வரவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும்.

ஜன்னல் திறந்தது. கலைந்த தலையோடு கண்ணைக் கசக்கினாள்.

"ஹாரன நிறுத்துங்கண்ணே. இன்னைக்கு வேலைக்கு வரல. நான் இன்னும் கொஞ்சம் தூங்கணும்."

ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.