அன்று நெருப்பு எனக்குச் சுடவில்லை

தாயை நம்பிப் பிழைக்கும் என் சொந்தங்களே, இதை எழுத எனக்கு ஆசை இல்லை. எழுதுகிறேன் என்று அம்மனிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

போன வருஷம் ஆவணி பிறந்த வாரம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். டாக்டர் என் இடது காலைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் பார்க்கலாம். தேறலன்னா முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டியிருக்கும்" என்றார். என் மனைவி செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் நித்யா டாக்டரிடம் ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மேலே சுற்றிய ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் போகிறதே என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட, இந்தக் கதை ஊருக்குத் தெரிந்தால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நடப்பேன் என்ற பயம்தான் அதிகம். காலே இல்லாமல் எங்கே நடப்பது என்று அப்போது தோன்றவில்லை பாருங்கள், அப்படிப்பட்ட புத்தி எனக்கு.

உறுவையாறு பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. கரும்பும் நெல்லும் போடுகிறேன். ஒரே மகள் நித்யா. பிளஸ் டூ முடித்ததும் நர்சிங் படிக்கிறேன் என்றாள். நான் குதித்தேன். "ஊரான் புண்ணக் கழுவுறதுக்காடி உன்னப் பெத்தேன்?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். எனக்கு அவள் போலீஸ் ஆக வேண்டும். காக்கி போட்டுக்கொண்டு அவள் வண்டியில் வந்து இறங்க, டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. அதற்காக அவளை ஒரு வருஷம் வீட்டில் உட்கார வைத்தேன். தினமும் விடிகாலையில் ஆற்றங்கரையில் ஓடவிட்டு, நான் பின்னாலேயே சைக்கிளில் போவேன். அவளும் மறுபேச்சுப் பேசாமல் ஓடினாள்.

போன வருஷம் ஆடியில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டேன். "எம்பொண்ணு உடுப்புப் போட்டு நிக்கணும் தாயே, காக்கி உடுப்பு" என்று வேண்டுதல். விரதத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. மஞ்சள் வேட்டி, கோயிலிலேயே படுக்கை, ஒருவேளைச் சாப்பாடு. இதை இன்றைக்கும் தலைநிமிர்ந்து சொல்வேன். சொல்லக்கூடியது இது ஒன்றுதான் இருக்கிறது.

தீமிதி அன்று கரகம் சுமந்து பூசாரி முதலில் இறங்கினார். பின்னாலேயே நான். எனக்குச் சுடவில்லை. சத்தியமாகச் சுடவில்லை. ஈர மணலில் நடக்கிற மாதிரி நடந்து, கடைசியில் இருந்த பால் குழியில் கால் வைத்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஓட்டமும் குதியுமாக வந்தார்கள். நான் மட்டும் நின்று நிதானமாக வந்ததைப் பார்த்துச் சனம் குலவை போட்டது. எவரோ மாலை போட்டார். எவரோ மைக்கைக் கையில் கொடுத்தார். "அம்மா எனக்குப் பூவா மாத்திக் குடுத்துட்டா! சுத்தமா இருந்தா சுடாதுப்பா! சுட்டவன் எல்லாம் அவனவன் மனச தொட்டுப் பாருங்க!" என்று பேசினேன். கை தட்டினார்கள். என்ன பேச்சு பேசினேன் அன்றைக்கு! இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

அதோடு விட்டேனா? செல்வியின் தம்பி குமார், மடுகரையில் இருப்பவன், அவனும் தீ மிதித்திருந்தான். அவன் பாதம் கொப்பளித்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கால் கொப்பளித்தால் விரதத்தில் ஏதோ குறை என்றுதான் பேசுவார்கள். விருந்துக்கு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, அவன் பெண்டாட்டி பக்கத்தில் இருக்கும்போதே, "இன்னா மச்சான், காப்பக் கட்டிக்கினு எங்கனா பிரியாணி துன்னுட்டு வந்தியா?" என்று கேட்டேன். பந்தியே சிரித்தது. குமார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோனான்.

அன்று மாலை நித்யா மட்டும் என்னிடம் வந்தாள். "ஏம்பா, நெசமாவே உனக்குச் சுடலையா? கால காட்டு" என்றாள். "அம்மா நடத்தி வெச்ச காலு, இதுல இன்னாடி பாக்கப்போற?" என்று இழுத்துக்கொண்டேன். ஒரு முகாமில் எனக்குச் சுகர் இருக்கிறது என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். அது அவளுக்குத் தெரியும்.

கொஞ்ச நாள் போயிற்று. வீட்டில் ஒரு நாற்றம். "எங்கியோ எலி செத்துக் கெடக்குது" என்று செல்வி நெல் மூட்டைகளை எல்லாம் நகர்த்தினாள். நானும் கூடவே பரண் மேல் ஏறித் தேடினேன். பீரோவுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். எலி கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் பாயைச் சுருட்டப்போன செல்வி, வரிசையாக எறும்பு போவதைப் பார்த்தாள். அது என் கால் பக்கமாக வந்துகொண்டிருந்தது. இடது பாதத்தைத் திருப்பிப் பார்த்தவள் கத்தின கத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். நாறிக்கொண்டிருந்தது நான்தான். எனக்கு ஒரு வலியும் தெரியவில்லை.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. தீயில் வெந்தது என்று சொன்னால் மைக்கில் பேசினது என்ன ஆகும்? "கரும்புக் கட்ட குத்திச்சு" என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னேன். டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் இரண்டு பாதத்தையும் தொட்டுக்கொண்டே வந்தார். தொட்டால் சொல்ல வேண்டும். நான் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது அவர் எல்லாம் முடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தார். "சுகர்ல உங்க பாதம் மரத்துப்போச்சு. ரொம்ப நாளா இருக்கும். சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது" என்றார்.

சுட்டாலும் தெரியாது. அந்த வார்த்தை என் நெஞ்சில் இறங்கிவிட்டது. நான் நித்யாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அவளுக்கு எப்போதோ புரிந்திருக்கிறது. அன்று முழுவதும் நான் சுவர் பக்கமே திரும்பிப் படுத்திருந்தேன். அம்மன் பூவாக மாற்றவில்லை. என் கால் செத்திருந்தது. செத்த காலை வைத்துக்கொண்டு உயிருள்ள காலை எல்லாம் கேவலப்படுத்தியிருக்கிறேன். அப்படியானால் அம்மன் அங்கே இல்லவே இல்லையா என்றும் ஒரு நினைப்பு வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் குமார் வந்தான். சுகர்காரனுக்கு என்று யோசித்துக் கொய்யாக்காய் வாங்கி வந்திருந்தான். எனக்குப் பாத்ரூம் போக வேண்டும், கூச்சத்தில் அடக்கிக்கொண்டிருந்தேன். அவனே புரிந்துகொண்டு, "மாமா, தோள்ல கையப் போடு" என்று குனிந்தான். தூக்கிக்கொண்டு போய், காத்திருந்து, கூட்டிக்கொண்டு வந்து படுக்க வைத்தான். தீமிதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அவன் போனதும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டே வேண்டினேன். "தாயே, இந்தக் கால விட்டுடு. இந்தக் காலாலயே ஒன் வாசலுக்கு வந்து, அதே மைக்குல நெசத்தச் சொல்றேன். பேச்சுல மட்டும் இல்ல, எழுதியும் குடுக்கறேன். சத்தியம்." அவ்வளவுதான். பெரிய மந்திரம் எதுவும் இல்லை.

மறுநாள் காலை டாக்டர் வந்ததும், "கரும்புக் கட்ட இல்லங்க, தீ மிதிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். ஆபரேஷனில் வெந்து அழுகியதை எல்லாம் சுரண்டி எடுத்தார்கள். இரண்டு விரல் போயிற்று. கட்டுப் பிரிக்கும் ஒவ்வொரு தடவையும் செல்வி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் டாக்டர் குனிந்து பார்த்து, "நல்ல சதை வருது. பாதம் தப்பிச்சுது" என்றார். என் தாய் அந்த டாக்டர் கையில் வந்தாள், மருந்தில் வந்தாள். அவள் இருக்கிறாள். நான்தான் அவளைத் தப்பான இடத்தில் காட்டிக்கொண்டிருந்தேன்.

நான் கட்டிலில் இருக்கும்போதே போலீஸ் உடல் தகுதித் தேர்வு வந்தது. அந்த நிலைமையிலும் "நீ போய் ஓடிட்டு வா" என்று நித்யாவை அனுப்பினேன். ஷூவில் மண்ணோடு நேராக வார்டுக்கு வந்தாள். "பாஸ்பா. இனிமே எழுத்துத் தேர்வுதான்" என்றாள். நான் கேட்ட காக்கி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. கட்டு மாற்ற வந்த சிஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "நர்சிங் படிச்சிட்டு ராணுவத்துலகூடச் சேரலாங்க. அதுவும் யூனிஃபார்ம்தான். ஆபீசர் ரேங்க், தோள்ல ஸ்டார் எல்லாம் இருக்கு" என்றார். "ஸ்டாரா?" என்று நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நித்யா தலையில் அடித்துக்கொண்டாள். "ஒனக்கு ஸ்டார்தான் வேணுமாப்பா? கடையில வாங்கித் தரேன், நீயே குத்திக்கோ" என்றாள். வார்டே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு தினமும் கட்டு மாற்ற வேண்டும். சிஸ்டரிடம் கற்றுக்கொண்டு வந்து நித்யாதான் செய்தாள். பெற்ற மகள் எதிரில் அந்தக் காலை நீட்ட எனக்கு உயிர் போயிற்று. "மூக்கக் கட்டிக்கோம்மா" என்றேன். "எதுக்கு?" என்றாள். ஒரு முகச் சுளிப்பு இல்லை. தெருவுக்கே கேட்கிற மாதிரி நான் கத்தின பேச்சு அவளுக்கு மறந்திருக்காது. ஆனால் ஒருநாளும் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டவில்லை. கை மட்டும் தன்பாட்டுக்கு வேலை செய்யும். அந்த வேலையில் அவளுக்கு இருந்த நிம்மதியை, ஆற்றங்கரையில் ஒரு வருஷம் பின்னாலேயே போன நான் ஒருநாளும் அவள் முகத்தில் பார்த்ததில்லை.

நித்யா விண்ணப்பம் போட்டு வைத்திருந்த நர்சிங் கவுன்சிலிங்குக்கு நாள் வந்தது. "நர்சிங்குக்கே போம்மா" என்றேன்.

"அப்போ ஒன் வேண்டுதல்?"

"அத நான் அம்மாகிட்ட பேசிக்கறேன்."

"எனக்காகச் சொல்றியா, ஒன் காலுக்காகச் சொல்றியா?" என்று என்னை உற்றுப் பார்த்தாள்.

உனக்காகத்தான் என்று சொல்ல வாய் வந்தது. அம்மன் மேல் சத்தியம் செய்திருந்தேனே, பொய் எப்படிச் சொல்வது? "ரெண்டுக்குந்தான்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். இன்றைக்கு அவள் நர்சிங் மாணவி. உடுப்புப் போட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். நான் கேட்ட நிறம் இல்லை, அவ்வளவுதான். இத்தனைக்கும் காக்கியை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஓட ஆசைப்படுகிற பிள்ளை அந்த வழியில் ஓடட்டும். ஆசைப்பட்டது நானாக இருந்து, ஓடினது அவளாக இருந்தது. அதுதான் தப்பு.

இந்த வருஷம் ஆடியில் காப்புக் கட்டுகிற அன்று கோயிலுக்குப் போனேன். அதே மைக். கேட்டு வாங்கினேன். "போன வருஷம் நான் பேசினது பொய்யி. எனக்குச் சுடாததுக்குக் காரணம் விரதம் இல்ல, வியாதி. என் பாதம் செத்திருந்துச்சு. கொப்புளம் வந்தவன் ஒருத்தனும் குறைப்பட்டவன் இல்ல. என் மச்சான் குமார் சுத்தமான ஆளு. எல்லாரும் என்ன மன்னிச்சுடுங்க" என்றேன். செருப்பைக் கழற்றி இரண்டு விரல் இல்லாத காலைக் காட்டினேன். ஒருவரும் கை தட்டவில்லை. "சாமி காரியத்துல வந்து இன்னா பேச்சு இது" என்று ஒருவர் முணுமுணுத்தார். சிலர் எழுந்துபோனார்கள். நான் கீழே இறங்கி ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டேன். நித்யாவும் கூடப் படிக்கிற பிள்ளைகளும், காப்புக் கட்டுபவர்களுக்குச் சுகர் பார்த்து, பாதத்தைச் சோதிக்க மேசை போட்டிருந்தார்கள். குமார்தான் முதலில் போய் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள். மற்றவர்கள் எட்ட நின்று வேடிக்கை பார்த்தார்கள். நேரமானதும் பிள்ளைகள் மேசையை மடிக்க ஆரம்பித்தார்கள்.

அப்போது பூசாரி வந்தார். ஒவ்வொரு வருஷமும் கரகத்தோடு முதலில் இறங்குகிறவர். சுற்றிலும் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு என் பெண்ணின் எதிரில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார். "என் காலையும் கொஞ்சம் பாரும்மா. ரெண்டு மூணு வருஷமா எனக்கும் சுடல. யாருகிட்ட போய்ச் சொல்றதுன்னு தெரியல."

நித்யா அவர் பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துவிட்டது. இவ்வளவு பெரிய மனுஷன், தன் சங்கடத்தை எத்தனை வருஷமாகத் தனியாகச் சுமந்திருக்கிறார். இந்த வருஷம் கரகத்தை அவர் தம்பி எடுத்தார். பூசாரி கரையில் நின்று வேப்பிலை கொடுத்தார். எழுதித் தருவதாகச் சொன்ன வாக்கை நான் தள்ளிப்போட்டபோது, இதை எழுதச் சொன்னவரும் அவர்தான்.

சொந்தங்களே, எனக்கு இன்னும் கூச்சம் தீரவில்லை. தெருவில் போகும்போது யாராவது சிரித்தால், என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். தோன்றட்டும். என் தாய் எனக்கு நடக்கக் கால் கொடுத்திருக்கிறாள். நீங்களும் அவளை நம்புங்கள். காப்புக் கட்டுவதற்கு முன்னால் பாதத்தை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். சுட்டால் சுட்டது என்று சொல்லுங்கள். சுடவில்லை என்றால் அதையும் யாரிடமாவது வந்து சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.