கோவா இலையில் வைத்த பங்கு

கோப்பை கழுவுகிறவனுக்குச் சாப்பிட்டவரின் முகம் தெரியாது, அவர் மிச்சம் வைத்தது மட்டும் தெரியும். உங்களில் பலரும் கழுவியிருப்பீர்கள். கை வெடிப்பைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எண்பதுகளில் சுவிஸின் டாவோஸ் ஹோட்டல் ஒன்றில் என் பக்கத்தில் நின்று கழுவியவர், என்னைப் போலவே அகதியாக வந்த எங்கள் ஊர்ச் சேர்மன்.

கிணறு

மட்டக்களப்புக்கு வடக்கே, எங்கள் கரையோரக் கிராமசபைக்கு அவர்தான் தலைவர். அங்குள்ள பழங்குடி வேடர்களுக்கும் அவரே தலைவர். அவர்களுடைய வாக்கு சிதறாது. அதனால் வென்றுகொண்டே இருந்தார். எங்கள் ஒழுங்கைக்கு, அந்தச் சின்னத் தெருவுக்கு, கிணறு தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னார். என் தாய் உப்புத் தண்ணீர் குடித்தே போய்ச் சேர்ந்தா.

சமையலறையில் கண்ட முதல் நாளே, "கிணறு எங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "இஞ்சயும் வந்து மனுக் குடுக்கிறியா, மனே?"

முதல் பிடி

சாப்பிட முன், சேர்மன் முதல் பிடிச் சோற்றைக் கோவா என்கிற முட்டைக்கோஸ் இலையில் எடுத்து, பின்கதவைத் திறந்து, கை எட்டும் தூரத்தில் பனியில் வைப்பார். அது முன்னோருக்கான பங்கு. செத்துப்போன வேடர் தலைவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர்கள் அவர் கையால் வாங்கும்வரை வேடர்களுக்கு அவர்தான் தலைவர். வாங்காத நாளில் பதவி போய்விடும். திரும்பிப் போய் மறுபடி தலைவராக இருப்பதுதான் அவருடைய ஒரே நினைப்பு.

நாங்கள் சாப்பிட்டு முடிக்க, இலை வெறுமையாக இருக்கும். நரியோ காகமோ என்று தேடினேன். பனியில் ஒரு தடமும் இல்லை. சேர்மன் சொன்னார்: "செத்த ஆக்களுக்கு என்ன பாரம், கா?"

செஃப் கண்டது

செஃப் பெரிய உடம்புக்காரர், எதற்கும் பயப்படாதவர். ஒரு மத்தியானம் சிகரெட் பிடிக்கப் பின்கதவால் போனவர், உடனே உள்ளே வந்து கதவை முதுகால் அழுத்திக்கொண்டு நின்றார். சிகரெட் பற்றவைக்காமலே வாயில் இருந்தது. உங்கள் ஆட்களை வேலை கேட்டு வரச்சொன்னீர்களா என்றார். இல்லை என்றேன்.

சேர்மனுக்கு ஜேர்மன் விளங்காது, கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். செஃப் மெதுவாகச் சொன்னார்: "அப்படியென்றாலும் அந்தக் கிழவர்களுக்குக் காலில் போடச் சப்பாத்தாவது கொடுங்கள்."

சோறு உறைந்த வெள்ளிக்கிழமை

அன்று இலையில் சோறு அப்படியே இருந்தது. சேர்மன் திரும்பவும் பெயர்களைக் கூப்பிட்டார். சோறு கல்லாக உறைந்தது. அவர் சாப்பிடவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்; முதுகு கூசியது.

சில வாரம் கழித்து, ஊரிலிருந்து சுவிஸின் ஆராவ் நகருக்குப் புதிதாக வந்த ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். தலைவர் இல்லாமல் பயந்துபோன வேடர்கள், சேர்மனின் மருமகனைக் கொண்டு பங்கு வைத்துப் பார்த்தார்களாம். அதே வெள்ளிக்கிழமை. "சோறு முடிஞ்சுது, அண்ணை. இலையையும் காணல்ல."

பதவி போன பிறகு

சேர்மனிடம் சொன்னேன். கோப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார். மறுநாள் முதல் பிடியைத் தானே சாப்பிட்டார். பின்கதவுப் பக்கம் திரும்பவில்லை. இனியாவது உண்மை வரும் என்று, "அந்தக் கிணறு?" என்றேன்.

"அதப் புதுத் தலைவருட்டக் கேளு, மனே."

நாங்கள் உயிரோடு போட்ட வாக்குக்கு அசையாத மனிதரை, வாக்கே இல்லாதவர்கள் ஒரு பிடி சோற்றால் இறக்கிவிட்டார்கள். எங்கள் ஒழுங்கை மட்டும் இன்னும் உப்புத் தண்ணீர்தான் குடிக்கிறது.