நோர்போத்தா சுரண்டிய சுவர்

துக்கம் கேட்க வந்த வீட்டில்கூடச் சுவரை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்த ஒரே மனிதர், எங்கள் பர்கெந்த் தெருவிலேயே, நோர்போத்தாதான். என் அப்பா இறந்த அன்று என் கண்ணாலேயே பார்த்தேன். அடுப்புப் புகையையும் மாட்டு மூச்சையும் பல வருஷம் குடித்த பழைய மண்சுவர்தான் திராட்சைக்கு முதல்தரமான எரு என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்காக இழவு வீட்டிலா? இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

நோர்போத்தா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு முற்றம் முழுக்கக் கூழாங்கல்லும் சுக்கான்கல்லும். இரண்டு முறை நட்ட கொடி இரண்டு முறையும் காய்ந்து விறகாயிற்று. பக்கத்து வீட்டு ஹோல்மத்தின் கொடியோ பந்தல் தாங்காமல் காய்த்தது. வாய்க்கால் தண்ணீர் முறைத் தகராறில் இருவரும் பேச்சை நிறுத்தி ஒன்பது வருஷம். பெண்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆகஸ்டு வந்தால் ஹோல்மத்தின் மனைவி சுலைஹா முக்காலி போட்டு ஏறி, நடுச்சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் திராட்சையை நீட்டுவாள். வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்புவது எங்களுக்குப் பெரிய அவமானம். நோர்போத்தாவின் மனைவி ஒய்னிசா அதில் சம்சா சுட்டு வைத்து அனுப்புவாள்.

"ஒரு தடவையாவது நம்ம வீட்டுத் திராட்சையப் போட்டு அனுப்பணும்" என்று அவள் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று.

பிப்ரவரி முழுக்க இடுப்பளவு ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினார். கல்லைப் பொறுக்கி எறிந்து, அடியில் ஆற்றுமணல் கொட்டி, மேலே மக்கிய ஆட்டுப் புழுக்கையைப் பரப்பினார். பழைய சுவர்மண் மட்டும்தான் பாக்கி. தெருவில் ஒருவரும் தரவில்லை. நான் கதவையே திறக்கவில்லை. கடைசியில் அவர் கண் நடுச்சுவர்மீது விழுந்தது. இரண்டு வீட்டுத் தாத்தாக்களும் சேர்ந்து எழுப்பிய சுவர், இரண்டு முழக் கனம்.

"நம்ம பக்கம் ஒரு முழம் நமக்குத்தான். அதுல பாதி எடுத்தா யாருக்குத் தெரியப் போகுது?"

"விழுந்துடப் போகுதுங்க" என்றாள் ஒய்னிசா.

"லாரி மோதினாலும் விழாது. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் சொல்றேன்."

மூன்று நாள் சுரண்டினார். நான்காம் நாள் காலை ஒரு தூறல் போட்டது. அவர் மண்வெட்டியை வைத்தாரோ இல்லையோ, சுவர் அப்படியே குந்தி உட்கார்ந்து பள்ளத்துக்குள் சரிந்தது. சத்தம் கேட்டு நான் ஓடிப் போனேன். புழுதி அடங்கியதும் பார்த்தால், அந்தப் பக்கம் ஹோல்மத் உள்பனியனோடு நிற்கிறார்.

"ஹோல்மத், தப்பு என்னோடதுதான்" என்றார் நோர்போத்தா. ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு. "சுவரைத் திரும்பக் கட்டித் தர்றேன்." கட்டுவதென்றால் பள்ளத்து மண்ணை எல்லாம் வாரி எடுத்தாக வேண்டும். கிண்ணத்துக் கனவு அத்தோடு சரி. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய் எனக்கே பாவமாக இருந்தது.

ஹோல்மத் கையில் இருந்த எதையோ முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஒய்னிசா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, அந்த வாளியில என்ன?"

"அது... வருஷா வருஷம் மார்ச்சுல கொஞ்சம் எடுப்பேன்மா. கொடிக்கு."

"எத்தனை வருஷமா?"

"பதினாலு."

ஒய்னிசா இடுப்பில் கையை வைத்தாள். "அப்போ பதினாலு வருஷமா எங்க சுவரத்தான் கிண்ணத்துல வெச்சு எங்களுக்கே குடுத்தீங்களா? அதுக்கு நான் சம்சா வேற சுட்டு அனுப்பியிருக்கேன்."

"சம்சா நல்லா இருந்துச்சும்மா" என்றார் ஹோல்மத்.

நோர்போத்தா பள்ளத்து ஓரத்தில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹோல்மத் விழுந்த சுவரைத் தாண்டி வந்தார். பள்ளத்திலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார். இந்தத் தெருவில் இந்த வியாதி ஒருவருக்குத்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"மணல் பத்தாது. தள்ளுவண்டிய எடு, போலாம்" என்றார்.

தன் கொடியிலிருந்தே குச்சி வெட்டி அவரே நட்டும் கொடுத்தார். சுவரை மட்டும் இருவரும் கட்டவே இல்லை.

மூன்றாம் வருஷம் ஆகஸ்டில் ஒய்னிசா அதே கிண்ணத்தில் நான்கு கொத்து வைத்து, முற்றத்தைக் கடந்து நடந்தே போய்க் கொடுத்தாள். நோர்போத்தா புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மறுநாள் கிண்ணம் திரும்பி வந்தது, நிறையச் சம்சாவோடு. சுலைஹா சுட்டது, உப்புக் கரித்ததாம். எனக்கு ஒன்றுகூடத் தராமல் நோர்போத்தாவே முழுக்கச் சாப்பிட்டு முடித்தார்.