உடன் நிற்பவர்

போன வாரம் விளக்கு வைக்கும் நேரத்தில் ஸ்ரீரங்கத்தில் கரண்ட் போய்விட்டது. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பழுதாகி மூன்று நாள் ஆகியிருந்தது. ஆளைக் கூப்பிடுகிறேன் கூப்பிடுகிறேன் என்று நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். மனைவி என் மேசை இழுப்பறையைத் துழாவி, அரை விரல் நீளத்துக்கு ஒரு மெழுகுவர்த்தித் துண்டை எடுத்துவிட்டாள். "அதக் கொளுத்தாத!" என்று நான் போட்ட கத்தலில், பாவம், கையிலிருந்த தீப்பெட்டியைக் கீழே போட்டாள். "ஒரு மெழுகுவத்திக்கு இந்தக் கூப்பாடா? என்ன, சாமி நேர்ல வந்து குடுத்துச்சா?" என்று கேட்டாள். நான் துண்டைப் பிடுங்கி இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். பதினெட்டு வருஷம் கூட வாழ்கிறவளிடம் சொல்லக் கூசுகிற விஷயத்தை இப்போது ஊருக்குச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்குச் சொல்வதில் ஒரு சௌகரியம், எதிரே இருக்கும் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

நான் வேலை பார்ப்பது ஒரு ஒயின் கம்பெனியில். தொழிற்சாலை உப்பிலியபுரம் தாண்டி பச்சமலை அடிவாரத்தில். ஆபீஸ் திருச்சி கன்டோன்மென்டில். சேர்ந்த புதிதில் எங்கள் தெருவில் யார் கேட்டாலும் பழரசக் கம்பெனி என்றுதான் சொல்வேன். ஏகாதசிக்குத் துளசித் தீர்த்தம் தவிர வேறெதுவும் தொண்டையில் இறக்காத அக்கம்பக்கத்தில் ஒயின் என்று எப்படிச் சொல்வது? அந்த நாளில் அதைத்தான் பெரிய வெட்கமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அடச்சீ, அதெல்லாம் ஒரு வெட்கமா!

என் வேலை கம்ப்யூட்டரில் ஒர்க் ஆர்டர் போடுவது. தொழிற்சாலையில் இருக்கும் ஒவ்வொரு டேங்கும் என் திரையில் ஒரு வட்டம். எந்த டேங்கில் என்ன சாறு, எத்தனை நாளாக நொதிக்கிறது எல்லாம் அதில் தெரியும். ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமா, ஈஸ்ட் போட வேண்டுமா, கழுவ வேண்டுமா, எதுவானாலும் நான் ஒரு ஆர்டர் உண்டாக்கி, பட்டியலிலிருந்து ஒரு ஆளின் பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் அந்த ஆளின் போன் சிணுங்கும். வேலை முடிந்து அவர் அழுத்தினால் என் திரையில் பச்சை. முடியாது என்று அழுத்தினால் சிவப்பு. டேங்குக்குள் இறங்கிக் கழுவும் வேலைக்கு மட்டும் கூடுதலாக ஒரு கட்டம் வரும்: உடன் நிற்பவர். அதில் இன்னொரு பெயரைப் போடாமல் ஆர்டர் நகரவே நகராது. யாரோ புண்ணியவான் யோசித்து வைத்த கட்டம் அது. எனக்கோ அது, ரயில்வே படிவத்தில் தகப்பனார் பெயர் கேட்பதுபோல, நிரப்பிவிட்டுப் போகிற ஒரு சடங்கு.

அங்கே டேங்குகளைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் மேஸ்திரி என்போம். என் வயதுதான் இருக்கும். முன்பு துவாக்குடிப் பக்கம் பட்டறைகளில் வெல்டராக இருந்தவர். பெரிய இரும்பு உருளைகளுக்குள் படுத்துக்கொண்டு பற்றவைத்துப் பழகியவர். ஒடிசலான உடம்பு, குரல் மட்டும் கணீரென்று இருக்கும். தேவாலயத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருப்பார். சாறு நொதிக்கும்போது கிளம்பும் காற்றுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. டேங்கைக் காலி செய்த பிறகும் அது அடியில் தேங்கி நிற்கும். இறங்குகிறவன் இரண்டு மூச்சில் சுருண்டு விழுவான். அளந்து பார்க்கக் கம்பெனி ஒரு கருவி கொடுத்திருந்தது. அது பாதி நாள் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். மேஸ்திரி ஒரு கம்பியில் மெழுகுவர்த்தியைக் கட்டி உள்ளே இறக்குவார். அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது. அணையாவிட்டாலும் டேங்கின் வாயருகே ஒரு ஆள் நிற்க வேண்டும். "உள்ள ஒரு ஆள்னா வெளிய ஒரு ஆள் சார். வெளிய நிக்கிறவன் சும்மா நிக்கிறான்னு நெனைக்காதீங்க, அவன்தான் வேலை பாக்குறான்" என்பார். தொழிற்சாலைக்குப் போகும்போதெல்லாம் இதைக் கேட்டுக் கேட்டு, ஆபீஸுக்கு வந்து அவர் குரலிலேயே சொல்லிக் காட்டி மற்றவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

அது திராட்சை வரும் காலம். கம்பம் பக்கத்திலிருந்து மறுநாள் காலை லாரி வருகிறது; எல்லா டேங்கும் நிறைந்திருக்கிறது; ஐந்தாம் நம்பரை மட்டும் அன்று காலி செய்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அதைக் கழுவியாக வேண்டும். மேனேஜர் மூன்று தடவை வந்து "ஆர்டர் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டார். மேஸ்திரியின் பெயரைப் போட்டேன். உடன் நிற்பவர் கட்டத்துக்கு வந்தால், இருக்கிற ஆட்கள் எல்லோரும் வேறு வேறு ஆர்டரில் மாட்டியிருந்தார்கள். ஒரே ஒரு ஹெல்பரின் பெயர் மட்டும் சும்மா இருப்பதாகக் காட்டியது. சும்மா இருந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மகளுக்குக் காதுகுத்து என்று அவர் முந்தின நாள் சாயங்காலமே என்னிடம் போனில் லீவு சொல்லியிருந்தார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியவன் நான். ஏற்றவில்லை. மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த நொடியில் எனக்கு மறதி இல்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. தெரிந்தேதான் அழுத்தினேன்.

ஐந்து நிமிஷத்தில் மேஸ்திரி போன் செய்தார். "சார், உடன் ஆள்னு போட்டிருக்கீங்களே, அவன் இன்னைக்கு வரலையே?"

"தெரியும் மேஸ்திரி, ஆள் இல்ல. நீங்களே பாத்து கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

"வேற எதுன்னாலும் அட்ஜஸ்ட் பண்ணலாம் சார். இது மூச்சு. மெழுகுவத்தி மூணு தடவை அணைஞ்சிருச்சு. ஃபேன் போட்டு காத்தை வெளியேத்திட்டு, ஒரே ஒரு ஆளைக் குடுங்க, ஒரு மணி நேரத்துல முடிச்சுக் குடுத்துடறேன்."

பார்க்கிறேன் என்று போனை வைத்தேன். பார்க்கவில்லை. மேனேஜரிடம் போய் ஒரு ஆளைக் கேட்டால், லீவை ஏன் ஏற்றவில்லை என்ற கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன், அவ்வளவுதான். மாலையில் என் திரையில் ஐந்தாம் நம்பர் சிவப்பானது. காலையில் லாரி வந்து நின்றது. டேங்க் தயாராக இல்லாமல், பழம் நாள் முழுக்க வெயிலில் கிடந்து புளித்துப்போனது.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரியைத் திருச்சிக்கு வரச்சொன்னார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேனேஜர் என் திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு, "ரெண்டு ஆள் குடுத்திருக்கு. ஏன் செய்யல?" என்றார். மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து மெழுகுவர்த்தித் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "இது அணைஞ்சுது சார். அந்தப் பையன் அன்னைக்கு லீவு. நான் தனியா எறங்க மாட்டேன்னுதான் சொன்னேன். வேலை செய்ய மாட்டேன்னு சொல்லல." மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. "மெழுகுவத்தி வச்சு டேங்க் பாக்கற காலமாய்யா இது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அந்த ஆள் பேரு ஆர்டர்ல இருக்குல்ல?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. பேருந்து வருமென்று தெரிந்து நிற்கிறவர் சாலையைப் பார்ப்பாரே, அப்படி.

"இருக்கு சார்" என்றேன்.

பொய்யில்லை பாருங்கள்! பெயர் இருந்தது. அந்த ஹெல்பரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை, திரையில்தான் எழுதியிருக்கிறதே. மேஸ்திரியிடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். "சரிங்க, போயிட்டு வரேன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மெழுகுவர்த்தி மேசைமேலேயே கிடந்தது. அறை காலியானதும் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சாட்சியை ஒளிக்கும் திருட்டுப் புத்தியா, இல்லை வேறு ஏதாவதா, இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

அதன் பிறகு அந்தக் கட்டத்தில் நான் ஒரு நாளும் பொய்ப் பெயர் போட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் போன் செய்து, ஆள் டேங்க் வாயில் நிற்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன். பொறுப்பானவர் என்று எனக்குப் பெயர் வந்தது. புதிதாகச் சேர்கிறவர்களை என்னிடம்தான் பழக அனுப்புகிறார்கள். பதவி உயர்வும் கிடைத்தது. அன்றைக்கு வீட்டில் மனைவி பால்பாயசம் வைத்தாள். வயிறு சரியில்லை என்று கிண்ணத்தைத் தள்ளிவைத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் லாரி டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னார், மேஸ்திரி மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் இருக்கிறார் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிசி மூட்டை வாங்குகிறேன் என்று சாக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மெழுகுவர்த்தியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அதை அவர் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்பதென்று கொள்ளிடம் பாலம் முழுக்க ஒத்திகை பார்த்தேன். தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு வந்தவர் என்னைக் கண்டதும், "அட, சார்! வாங்க வாங்க, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

"மேஸ்திரி, அன்னைக்கு அந்தப் பேரு..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார்" என்றார். "அந்தப் பையன் உங்களுக்கு போன் பண்ணி லீவு சொன்னப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அப்ப அங்க ஏன் அதைச் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றார்.

அதற்குள் யாரோ வந்து, நெல் ஊறவைக்கும் பெரிய இரும்புத் தொட்டியைக் கழுவ வேண்டும் என்றார்கள். வெளியே நிற்க வேண்டிய ஆள் சாப்பிடப் போயிருந்தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த வேகம், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் நிக்கிறேன் மேஸ்திரி" என்றேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். கோபமில்லை, குத்தலும் இல்லை.

"வேணாம் சார். அவன் வந்துரட்டும்" என்றார்.

ஒரு காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஆள் வந்து தொட்டியின் வாயருகே நின்ற பிறகுதான் எழுந்து உள்ளே இறங்கினார். நான் மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். மெழுகுவர்த்தி வெயிலுக்கு இளகிச் சட்டைப் பையில் ஒட்டியிருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை வாயைவிட்டு வரவே இல்லை.

இன்வெர்ட்டர் சரியாகிவிட்டது. துண்டு மறுபடி இழுப்பறைக்குள் இருக்கிறது. இல்லை, அதைச் சாமி கொடுக்கவில்லை. இந்தக் காகிதங்களை மனைவியிடம் படிக்கக் கொடுக்கப்போகிறேன். கொடுத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன் என்று நழுவத்தான் கால் வரும். அவள் படித்து முடித்து நிமிரும்வரை எதிரிலேயே நிற்க வேண்டும்.