எர்சீலியா தங்கிப் பார்த்த வீடுகள்

சாந்தெல்மோவுக்கு வருகிறவர்கள் கோட்டை வாசலுக்கு வெளியே பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். அதற்குமேல் வண்டி போகாது, படிகள்தான். ஒரு கையில் பெட்டியும் மறு கையில் ஃபோனுமாக, படத்தில் பார்த்த கடல் எந்தப் பக்கம் என்று திருதிருவென விழித்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே வைத்துத்தான் எர்சீலியா பவாஸ்த்ரோ அவர்களைப் பிடிப்பாள்.

பெயரையெல்லாம் அப்புறம்தான் விசாரிப்பாள். "முட்டி எப்படி இருக்கு?" என்பது முதல் கேள்வி. "காலையில எழுந்ததும் பேசுவீங்களா, காப்பி குடிக்கிற வரைக்கும் பேசமாட்டீங்களா?" என்பது இரண்டாவது. புருஷன் பெண்டாட்டியாக வந்திருந்தால், "உங்க ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல கோபம் வரும்?" என்றும் கேட்பாள். சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்கள். இந்தத் தெரு, இந்த வீடு, இந்த அறை என்று கை காட்டுவாள். அவள் கை காட்டிய வீட்டில் தங்கிவிட்டு முகம் சுளித்துப் போனவர்கள் குறைவு.

அவள் இருபத்தேழு வருஷம் இந்த ஊரின் தபால்காரி. மழைக்கு எந்தக் கதவு உப்பிக்கொள்ளும், எந்தச் சமையலறை மீன் வாடை எந்தப் படுக்கையறைக்குள் போகும் என்பதெல்லாம் அவள் காலுக்கும் மூக்குக்கும் அத்துபடி. அவள் ஓய்வு பெற்ற வருஷம், ஊரில் பாதி வீடு வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடும் வீடாகியிருந்தது. பொருந்தாத வீட்டில் போய் விழுந்தவர்கள் இரண்டாம் நாளே பஸ் ஏறினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு எர்சீலியாவால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் குளிர்காலத்தில் வீடு வீடாகப் போய்ச் சாவி கேட்டாள்.

"ஒரே ஒரு ராத்திரி. உன் வீட்டுல படுத்துப் பாக்கணும்."

மூன்றாம் சந்தில் இருக்கும் நீவெஸ், மாவுக் கையோடு வாசலுக்கு வந்து, "ஏன், உன் வீட்டுக் கூரை பறந்துபோச்சா?" என்றாள்.

"கூரை நல்லாத்தான் இருக்கு. உன் வீட்டுல மனுஷன் தூங்க முடியுமான்னுதான் சந்தேகம்."

முணுமுணுத்துக்கொண்டே நீவெஸ் சாவியைக் கொடுத்தாள். மற்றவர்களும் கொடுத்தார்கள். தன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மார்ச் முடிவதற்குள் முப்பத்தொரு வீடுகளில் தங்கி எழுந்தாள். மணிக்கூண்டுக்குக் கீழே உள்ள வீட்டில் ஆறு மணிக்கு மேஜைமேல் தம்ளர் நடுங்கும், அது சீக்கிரம் எழுகிறவர்களுக்கு. ரொட்டிக்கடைக்கு மேல்வீட்டில் கட்டிலையொட்டிய சுவர் வெதுவெதுவென்றிருக்கும், அது முதுகுவலிக்காரர்களுக்கு. நீவெஸின் வீட்டில் ஜன்னலுக்கு எதிரே வெறும் மதில்தான். ஆனாலும் சந்து வழியாகக் கடலின் சத்தம் மேலேறி வந்து அறைக்குள் நிரம்பிவிடும்.

சாவி தராதவன் ஒருவன்தான், சில்வானோ கிலியோனே. எர்சீலியாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். செத்துப்போன சித்தி பெனெதெத்தா விட்டுப்போன, படகுத்துறை ஓரத்து ரோஜா நிற வீடு அவனுடையது. ஊரைப் பற்றிய எல்லாப் படத்திலும் அந்த வீடு இருக்கும்.

"உன் சர்டிபிகேட் எனக்கெதுக்கு? படத்தப் பாத்தே ஆறு மாசம் முன்னாடி புக் பண்றாங்க," என்றான், ஊர் பாரில் எல்லோர் எதிரிலும்.

"படத்துக்குச் சத்தம் கிடையாதே, சில்வானோ. ஈரமும் கிடையாது."

பார் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து அவளைக் கண்டால் அவன் மறுபக்கப் படியில் இறங்கிப் போனான். அவளும் கூப்பிடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, அக்டோபர் கடைசியில், தோரினோ நகரத்திலிருந்து மாரிலேனா என்ற பெண் தன் அப்பாவோடு வந்து இறங்கினாள். அப்பா எவாசியோவுக்கு எண்பத்திரண்டு வயது. ரயில்வேயில் சரக்குப் பெட்டிகளை இணைக்கும் வேலை பார்த்தவர். கடலுக்குப் பக்கத்தில் ஒரு நாள்கூடத் தூங்கி விழித்ததில்லை என்று அவரே சொன்னார். மகள் ரோஜா வீட்டை எடுத்திருந்தாள்.

எர்சீலியா தென்மேற்கு வானத்தைப் பார்த்தாள். "சிஞ்ஞோரா, நாளைக்கு லிபேச்சோ காத்து அடிக்கும். இந்த மாசத்துல அது வந்தா, அந்த வீட்டு வாசல் வரைக்கும் கடல் வரும். மேல வேற வீடு இருக்கு."

"அங்கேர்ந்து கடல் தெரியுமா?" என்று பெரியவர் கேட்டார்.

"தெரியாது. கேக்கும்."

"எங்களுக்குத் தெரியணும்மா," என்றாள் மாரிலேனா. வரவேற்க வந்திருந்த சில்வானோ அவர்கள் பெட்டிகளை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

மறுநாள் மதியம் காற்று வந்தது. படகுகளை எல்லாம் முன்பே சதுக்கத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். அலை படகுத்துறையைத் தாண்டி, கூழாங்கற்களை வாரி ரோஜா வீட்டுக் கதவில் அடித்தது. மூன்று மணிக்கு சில்வானோ பாருக்குள் ஓடி வந்தான். முகத்தில் ரத்தமில்லை.

"கீழ் ரூமுக்குள்ள தண்ணி வந்துடுச்சாம், அந்தப் பொண்ணு ஃபோன் பண்றா. முன்வாசல் பக்கம் யாரும் நெருங்க முடியல."

அங்கே சீட்டாடிக்கொண்டிருந்த எர்சீலியா கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். "மேல் கதவு?"

"எந்த மேல் கதவு?"

"அட மடையா! உங்க சித்தி குளிர்காலம் பூரா எந்த வழியா வந்து போனான்னு நினைச்சே? மாடிக்குப் பின்னால, ரெண்டாம் சந்துல, எண்ணெய்க் கிடங்கு பக்கத்துல. அவ தபாலெல்லாம் அங்கதானே குடுப்பேன்."

சில்வானோவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அதுக்கு உள்பக்கம் சித்தியோட அலமாரிய நிறுத்தியிருக்கேன். படத்துல அழகா இருக்கும்னு."

இருவரும் மழையில் படியேறினார்கள். எர்சீலியா அந்தப் பழைய கதவை முஷ்டியால் இடித்தாள். "மாரிலேனா! மேல் மாடிக்கு வாங்க! அலமாரிக்குப் பின்னால கதவு இருக்கு!"

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "அசையவே மாட்டேங்குது, சிஞ்ஞோரா!"

"அலமாரிக்குள்ள இருக்கிறதெல்லாம் தூக்கி வெளிய போடுங்க. அது காலுக்கடியில போர்வையச் செருகி இழுங்க!"

"கீறல் விழுந்துடும், அது வால்நட் மரம்..." என்றான் சில்வானோ, தன்னையறியாமல்.

"வாய மூடுறியா!"

உள்ளே ஏதேதோ விழுந்து உருண்டது. பிறகு பெரியவரின் குரல் கணீரென்று கேட்டது. "தள்ளிக்கோடி. நாப்பது வருஷம் வேகன் தள்ளினவன் நான்." கரகரவென்று மரம் நகர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது. முழங்கால் வரை நனைந்த கால்சட்டையோடு எவாசியோ வாசலில் நின்றார். பயந்தவர்போல இல்லை. நல்ல வேலை ஒன்றைச் செய்து முடித்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

நீவெஸ் அவர்களுக்குக் காய்ந்த துணியும், பயறும் கோதுமையும் போட்ட சூப்பும் கொடுத்தாள். மூன்று நாளைக்கென்று வந்தவர்கள் ஒன்பது நாள் அவள் வீட்டில் இருந்தார்கள். மதிலைப் பார்த்த ஜன்னலருகே நாற்காலி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பெரியவர் கடலைக் கேட்டார்.

நான்காம் நாள் சில்வானோ கோட்டை வாசலுக்கு வந்தான். சாவியை எர்சீலியாவின் கையில் வைத்து, "வந்து படுத்துப் பாரு," என்றான். "ஆனா ஊர்ல சொல்லிச் சிரிக்காதே."

"சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு? ரெண்டு பேர் உசுரோட வெளிய வந்தாங்க, அது போதும்."

தங்கிப் பார்த்துவிட்டுக் காலையில் சொன்னாள்: அக்டோபரிலிருந்து மார்ச் வரை கீழ் அறைகளைப் பூட்டு. கட்டிலை மேல்மாடிச் சமையலறைக்குப் பக்கத்தில் போடு. மேல் கதவுக்கு ஒரு விளக்கு வை. அலமாரியை வேறெங்காவது கொண்டு போ. ஒவ்வொன்றுக்கும் அவன் சண்டை போட்டான். ஈஸ்டருக்குள் எல்லாவற்றையும் செய்திருந்தான்.

மே மாதம் மாரிலேனா எர்சீலியாவுக்கு ஃபோன் செய்தாள். ஜூனில் அப்பாவோடு வருகிறோம், அப்பா நீவெஸ் வீடே வேண்டும் என்கிறார் என்றாள்.

"வேணாம். ஜூன்ல ரோஜா வீட்ட எடுங்க," என்றாள் எர்சீலியா. "கடல் அப்ப பால் மாதிரி இருக்கும். அப்பா கட்டில்ல இருந்தபடியே பாக்கலாம்."

செய்தி சாயங்காலத்துக்குள் மூன்றாம் சந்தை எட்டிவிட்டது. நீவெஸ் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டினாள். "என் ஆளைத் தூக்கி அவன்கிட்ட குடுத்துட்டியே, நீயெல்லாம் ஒரு சிநேகிதியா?"

"ஜூன்ல உன் வீடு அடுப்புடி, நீவெஸ். தபால் கொண்டு வந்தப்ப நானே வெந்திருக்கேன்."

நீவெஸ், "அந்தப் பெரியவருக்கு என் சூப்பு பிடிக்கும். நான் கீழ கொண்டு போய்க் குடுப்பேன், எவன் தடுக்கிறான்னு பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.